இங்கிலீஷுக்கு ஓரம் அடித்தவன்

1

நம்மூர்ச் சங்கத்துக்கு வெள்ளிவிழா வருகிறது, மலர் போடுகிறோம், இலங்கையில் நீங்கள் முன்னேறிய விதத்தை நாலு பக்கம் எழுதி அனுப்புங்கள் என்று காரியதரிசித் தம்பி கடிதம் போட்டிருந்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனைப் போய் எழுதச் சொல்கிறீர்கள். ஆனாலும் சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறீர்கள். தலவாக்கலைக் கடைத்தெருவில் இறங்கி டெய்லர் ரெங்கசாமி கடை எது என்று கேட்டுப் பாருங்கள், மூட்டை தூக்குகிறவர்கூட விரலை நீட்டுவார். சுற்றுப்பட்ட தோட்டங்களில் கங்காணிமார் திருவிழாவுக்குப் போட்டு நிற்கிற கோட்டில் பாதி என் கை பட்டது. வெள்ளைக்காரத் துரைமார் சீமைக்குக் கப்பலேறும்போது போட்டுக்கொண்டு போன கால்சட்டையும் என் கை பட்டதுதான். அவை லண்டனில் இப்போது எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றனவோ.

உங்கள் கடிதம் வந்த காலையில் கடைக்குள்ளேயே பனிமூட்டம் வந்து நின்றது. இங்கே அது அப்படித்தான், கதவைத் தட்டாது. மிஷின், இஸ்திரிப் பெட்டி, தொங்கவிட்ட கோட்டுகள் எல்லாம் பாதி பாதியாகத் தெரியும். கோட்டுக்கு மேலே தலை இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். அந்த மூட்டத்துக்குள்ளிருந்து தோட்டத்துத் துரை பங்களா ஆள் ஒருவன் ஒரு கம்பளிப் பாவாடையை நீட்டினான். குண்டூசியில் ஒரு சீட்டு. இப்போது இருக்கிற துரை சிங்களவர், அவர் வீட்டம்மாவும் இங்கிலீஷில்தான் சீட்டு எழுதுவார். நான் வாங்கிப் படித்தேன். வெள்ளிக்கிழமைக்குள் இது 'ஷார்ட்டண்ட்' ஆக வேண்டும் என்று இருந்தது.

என் மகள் வசந்தா அட்டனில் தங்கிப் படிக்கிறவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"அப்பா, கடைசியில அப்படி இடிக்காதீங்க. மெதுவா விடணும்."

"கடைசியத்தான் கண்ணு அழுத்தணும். ஷார்ட்டுன்னா குட்டை. ஷார்ட்டன்னா குட்டையாக்கு. ஷார்ட்டண்ட்டுன்னா குட்டையாக்கி முடிஞ்சுபோச்சு. நீ மெதுவா விட்டா முடிஞ்சதா முடியலையான்னு எனக்கெப்படித் தெரியும்?"

"எங்க டீச்சர்கூட இப்படிப் பிரிச்சுச் சொல்லித் தந்ததில்ல."

"உங்க டீச்சர் தையக்காரி இல்லையே."

அவள் மறுபடி சிரித்துவிட்டுத் தன் சிநேகிதிக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதப் போய்விட்டாள். அவள் எழுதும்போது நான் எட்டிப் பார்ப்பதுண்டு. சொற்கள் எல்லாம் தெரிந்த முகமாக இருக்கும், என்ன பேசிக்கொள்கின்றன என்றுதான் விளங்காது.

2

நான் இங்கிலீஷ் படித்தது பங்களாச் சீட்டில். ஒரு சீட்டையும் எறிந்ததில்லை, பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். முதலில் அவற்றைப் படித்துச் சொன்னவர் சூசை. பங்களாவில் சமையலுக்கும் மேசைக்கும் பொறுப்பாக இருந்த ஆள், அப்பு என்போம். துரைசானியின் துணியைக் கையில் தாங்கி, கோயிலுக்குச் சீர் கொண்டு வருகிறவர் மாதிரி வருவார்.

ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல், வேறு ஆள் துணி கொண்டுவந்தான். சீட்டில் 'ஸ்லீவ்லெஸ்' என்று இருந்ததை நானே எழுத்துக் கூட்டினேன். ஸ்லீவ் கை. லெஸ் குறைவு, கடைத்தெருவில் விலையைக் குறைக்கச் சொல்கிறவர்கள் அதைத்தானே சொல்கிறார்கள். கையைக் குறைத்துத் தை என்கிறாள் என்று முழங்கைக்கு மேலே நாலு விரல் நிறுத்தி, பட்டுநூலில் ஓரம் அடித்து அனுப்பினேன். அப்படி ஒரு அரைக்கையை அந்த அம்மா பார்த்திருக்க மாட்டாள். துணி அன்று மத்தியானமே திரும்பி வந்தது, காய்ச்சலோடு சூசையும் வந்தார்.

"கையே வேணாம்னு எழுதியிருக்காங்க அண்ணே. நீங்க கொஞ்சம் தயவு பண்ணி விட்டுட்டீங்க."

"லெஸ்னா கொறைவு இல்லியா?"

"வால்ல வந்தா சுத்தமா இல்லைன்னு அர்த்தம். கேர்லெஸ்னு ஒண்ணு சொல்லுவாங்க. அது நீங்கதான்."

அன்றைக்குத்தான் எனக்குப் பொறி தட்டியது. துணியின் நடுப்பகுதி யாருக்கும் பொது. ஓரத்தில் நான் செய்கிற வேலைதான் அதைப் பாவாடையாக்கும், சட்டையாக்கும், மேசை விரிப்பாக்கும். இந்தப் பாஷையும் அப்படித்தான். கேர் என்பது ஒரு முழத் துணி. ஃபுல் என்று ஓரம் அடித்தால் கவனக்காரன், லெஸ் என்று அடித்தால் ரெங்கசாமி.

அதிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். அளவு நோட்டின் பின்பக்கத்தில்தான். அர் என்று முடிந்தால் சில நேரம் இழுத்துவிடும், லாங் லாங்கராகும். சில நேரம் ஆளைப் படைக்கும். பிளாண்டர், பட்லர் என்று. டெய்லர் என்ற என் பெயர்ப்பலகையிலேயே அந்த அர் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை வருஷம் அதன் கீழே உட்கார்ந்து தைத்தேன், அண்ணாந்து பார்த்ததில்லை. லி என்று முடிந்தால் எப்படிச் செய்ய வேண்டும் என்ற கட்டளை. நீட் என்பது சட்டைக்கு, நீட்லி என்பது என் கைக்கு.

ஒன்றுதான் அந்தப் பாஷையில் எனக்குக் குறை. நம்முடைய சொல்லில் மரியாதை நுனியில் இருக்கிறது. வந்தான், வந்தார், வந்தாங்க. இங்கே தோட்டத்துக்காரர்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளில் நேற்றுப் பிறந்த பிள்ளையைக்கூட "வாங்க" என்று கூப்பிடுகிற தாய்மார் உண்டு, அந்த 'ங்க' பிள்ளைக்குச் சின்னக் கோட்டு மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். இங்கிலீஷில் துரையும் வந்தான், நாயும் வந்தான். அவ்வளவு வால்கள் வைத்திருக்கிற பாஷை, மரியாதைக்கென்று ஒரு வால் வைக்கவில்லை. மிஷின் மிதித்துக்கொண்டே இதையெல்லாம் யோசிப்பேன். ஊசி ஏறி இறங்குகிற சத்தத்தில் சொற்கள் ஒன்றொன்றாய் வரும், ஓரம் மடங்கி வேறு சொல்லாகி அந்தப் பக்கம் போகும். ஜன்னலில் மலை தெரியும், மறையும். சில நாள் எதைத் தைத்தேன் என்பதே கையைப் பார்த்துத்தான் தெரியும்.

3

இந்த நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இங்கேயே நிலைக்க வேண்டுமானால் மனுப் போட்டுப் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. இத்தனை வருஷம் இங்கே விடாமல் இருந்திருக்க வேண்டும், பெண்டாட்டியும் இருந்திருக்க வேண்டும், திரும்பிப் போகிற எண்ணம் இருக்கக் கூடாது. நானும் போட்டேன். சில வருஷம் கழித்து விசாரிக்க ஓர் ஆபீசர் கடைக்கே வந்தார். சின்ன வயசு. கோட்டில் இடது கை அரை அங்குலம் நீளம், யாரோ கொழும்பில் தைத்துக் கெடுத்தது. இங்கிலீஷில் ஆரம்பித்தார்.

கடைவாசலில் ஆள் கூடியது. எதிர்க்கடைச் சுருட்டு வேலு வெற்றிலையைக்கூடத் துப்பாமல் நின்றான். நான் எழுந்து நின்று இங்கிலீஷிலேயே பதில் சொன்னேன். அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பெண்சாதி எப்போதாவது இந்தியா போனாளா என்று கேட்டார். தலைப்பிரசவத்துக்கு அனுப்பினேன் ஐயா, ராஜாத்தி மாதிரி அனுப்பினேன், பத்து மாசம் இருந்து வந்தாள் என்றேன். எழுதிக்கொண்டார். இந்தியாவில் சொத்து உண்டா என்றார். நான் அந்தக் கூட்டத்தைப் பார்த்தேன், வேலுவைப் பார்த்தேன். வீடு இருக்கிறது ஐயா, பெரிய வீடு, இரண்டு மாடி என்றேன். பில்ட், பில்டர், பில்டிங் என்று மூன்றையும் அதனதன் இடத்தில் வைத்தேன். நான் சொன்னதில் ஒரு கடைசிகூடத் தப்பில்லை. அதையும் எழுதிக்கொண்டார்.

இதைப் படித்து நீங்கள் சிரிக்கிறது எனக்குக் கேட்கிறது. அந்த வீட்டைத்தான் நீங்கள் தினமும் தாண்டிப் போகிறீர்களே. பிள்ளையார் கோயிலுக்கு வடக்கே, நாலு சுவர், மார்பு உயரம், உள்ளே எருக்கஞ்செடி. என் கல்யாணத்துக்கு வந்தபோது ஆரம்பித்து அப்படியே நிறுத்தியது. உங்களிடம் இலங்கைக் கடையைப் பெரிசாகச் சொல்லுவேன், இலங்கையில் நம்மூர் வீட்டைப் பெரிசாகச் சொல்லுவேன். இரண்டுக்கும் நடுவில் கடல் இருந்தது, ஒருவரும் எட்டிப் பார்க்க முடியாது. கடல் கடந்து வந்த எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் இப்படிக் கட்டியவர்கள்தான். நான் மாடி எடுத்தேன், அவ்வளவுதான்.

ஆபீசர் போனதும் காமாட்சி, என் வீட்டுக்காரி, உள்ளேயிருந்து வந்தாள்.

"ஏங்க, வீடுன்னு ஏதோ காதுல விழுந்துச்சே?"

"ஒரு மரியாதைக்குச் சொல்லி வச்சேன்."

"யாரு மரியாதைக்கு?"

நான் அளவு நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

4

சில மாதத்தில் கடிதம் வந்தது. மனு தள்ளப்படப் போகிறது. மனைவி பத்து மாதம் நாட்டில் இல்லை. இந்தியாவில் பெரிய வீடு இருப்பதால் இங்கே 'பெர்மனென்ட்லி' இருக்கும் எண்ணம் உங்களுக்கு இல்லை. மறுப்புச் சொல்ல வேண்டுமானால் நுவரெலியாக் கச்சேரிக்குக் குடும்பத்தோடு வரவும். அரசாங்க ஆபீசை இங்கே கச்சேரி என்பார்கள், மிருதங்கம் எல்லாம் இருக்காது.

கடிதம் முழுக்க வால்கள். பெர்மனென்ட் என்று நின்றிருந்தால் பலகை மாதிரி ஒரு சொல். லி சேர்ந்ததும் அது என் வாழ்க்கை முறையைக் கேள்வி கேட்கிறது. சிட்டிசன் தெரியும், பிரஜை. சிட்டிசன்ஷிப் என்று ஏழு இடத்தில் இருந்தது. ஷிப் என்றால் எனக்குத் தெரிந்தது தனுஷ்கோடியில் ஏறின கப்பல்தான். அன்று தூக்கத்தில் அது வந்தது. தேயிலை மலைகளுக்கு நடுவே, ரயில் வருகிற பாதையிலேயே, பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கப்பல் சத்தமில்லாமல் வந்து தலவாக்கலை ஸ்டேஷனில் நின்றது. மேல்தட்டு முழுக்க நான் தைத்த கோட்டுகள், உள்ளே ஆட்கள் இல்லை. ஏறச் சொல்கிறார்களா, இறங்கச் சொல்கிறார்களா என்று கேட்க வாய் வரவில்லை. மறுநாள் சூசையிடம் சொன்னேன். "ஃப்ரெண்ட்ஷிப்லயும்தான் ஷிப் இருக்கு, அதுல ஏறி யாரு எங்க போனா?" என்றார். கொஞ்சம் ஆறுதல்.

ஆனால் பயம் அதுவல்ல. மனுவைத் தள்ளினால் இந்தக் கடையில் இருக்க எங்களுக்கு உரிமை இல்லை. போ என்றால் போய் நிற்க, அந்த இரண்டு மாடி வீட்டில் தலைக்கு மேல் ஓர் ஓடுகூட இல்லை. வசந்தாவுக்கு அப்போது பதினான்கு வயது. பிறந்தது நம்மூரில் என்றாலும் அதை அவள் கைக்குழந்தையாய்ப் பார்த்ததோடு சரி.

"போயி வீடு இல்லைன்னு சொல்லிருங்க, முடிஞ்சுது" என்றாள் காமாட்சி.

"சர்க்கார் எழுத்துல பொய் சொன்னேன்னு ஆகும்."

"சொன்னீங்கள்ல?"

"கடைத்தெருவுல தலை காட்டணுமில்ல? வேலு ஒருத்தன் போதும்."

"வேலுக்காக மூட்டை கட்டுறதா?"

நான் வேறு வழி வைத்திருந்தேன். மூன்று வாரம் உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு பேச்சு தைத்தேன். வீடு இருக்கிறது, ஆனால் 'சேலபிள்', அதாவது விற்கத்தக்கது, விற்றுவிடுவேன் என்று. வீட்டையும் கெடுக்காமல் மனுவையும் கெடுக்காமல் ஒரு வாலில் இரண்டையும் முடிந்துவிட்டேன். இஸ்திரி போடும்போது சொல்லிப் பார்ப்பேன். ஆவி எழும்பும், சொல்லும் அதோடு எழும்பும். என்ன அழகான பேச்சு தெரியுமா, ஒரு நூல் பிசிறு கிடையாது.

5

விசாரணைக்குப் பஸ்ஸில் போனோம். வளைவுக்கு வளைவு மலை எங்கள் பக்கம் சாய்ந்து பார்த்தது. அறையில் பெஞ்சுகள், பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். பின் பெஞ்சில் சுருட்டு வேலு. அவனுக்கும் அன்றைக்குத்தான் விசாரணை.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் வயசானவர், சிங்களவர். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழர். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். இரண்டு வரிகூட ஆகவில்லை, ஆபீசர் கையைத் தூக்கினார். சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

"இப்ப இங்க இங்கிலீஷ்ல நடத்துறதில்லைங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர். "சிங்களந்தான்னு சட்டம் வந்துருச்சு. நீங்க தமிழ்ல சொல்லுங்க, நான் மாத்திச் சொல்றேன்."

தமிழில் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். அந்தப் பேச்சு இங்கிலீஷ் அளவுக்கு வெட்டியது. தமிழில் மாட்டிப் பார்த்தால் தோளில் நிற்கவில்லை. வீடு விற்கத்தக்கது என்று சொன்னால், யார் வாங்குவான், எவ்வளவு போகும் என்றுதானே அடுத்த கேள்வி? நான் மூன்று வாரமாய்ச் சேர்த்த வால்கள் எல்லாம் என்னை விட்டுவிட்டு ஜன்னல் வழியாய்ப் போய்க்கொண்டிருந்தன.

பக்கத்தில் காமாட்சி பேச ஆரம்பித்தாள், சிங்களத்தில். வலப்பனைப் பக்கத்திலிருந்து காய் கொண்டுவந்து எங்கள் கடை ஓரத்தில் விற்கிற பொடி மெனிக்கா என்ற அம்மாவோடு இவளுக்குப் பதினைந்து வருஷச் சிநேகம். பீன்ஸ் முறித்துக்கொண்டே கற்ற சிங்களம். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை, பொம்பளைப் பேச்சு என்று நினைத்திருந்தேன். ஆபீசர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எனக்கு விளங்கிய மட்டும் எழுதுகிறேன்.

"தலைப்பிள்ளைக்கு அம்மா வீட்டுக்குப் போறது எங்க வழக்கம். உங்க வீடுகள்லயும் போவாங்கதானே."

"கேள்வி நான் கேக்கணும்" என்றார் அவர். குரலில் கோபமில்லை. "பிள்ளை பிறந்து இத்தனை மாசம் ஏன் தங்கினீங்க?"

"யுத்தம். கப்பல்ல விடல. மண்டபம் கேம்புல கைப்பிள்ளையோட ரெண்டு தடவை வந்து திரும்பிப் போனேன். மூணாவது தடவை விட்டாங்க. அதுக்கப்பறம் எங்க அப்பா செத்ததுக்குக்கூட நான் போகல."

அவர் எழுதினார். நான் அவளைப் பார்த்தேன். அவள் அப்பா இறந்த தந்தி வந்த அன்று ஒரு கல்யாணக் கோட்டு அவசரம் என்று நான்தான் போக வேண்டாம் என்றேன். அவள் அதைச் சொல்லவில்லை.

"வீடு?" என்றார். "இரண்டு மாடி என்று எழுதியிருக்கிறதே."

அவளுக்குச் சொல்லத் தெரியும், ஒரே வரி. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத அவரே சொல்லட்டும்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துக்கொண்டாள்.

பின்னால் வேலு இருமியது கேட்டது. ஜன்னலில் பனி வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. நான் சிங்களத்தில் அளவெடுக்கிற அளவுக்குத்தான் பேசுவேன். கை நீளம், இடுப்பு, இருக்கு, இல்லை. அதிலிருந்து எடுத்தேன்.

"கெயக் நெஹெ மாத்தயா."

வீடு இல்லை ஐயா என்று அர்த்தம்.

"அப்போ இது?" என்று காகிதத்தைத் தட்டினார்.

"நாலு சுவர். இவ்வளவு" என்று மார்பில் கையை வைத்துக் காட்டினேன். "நாப்பத்தாறு அங்குலம். கூரை இல்லை. மாடி இல்லை."

"பின்னே ஏன் இரண்டு மாடி என்று சொன்னீங்க?"

இதற்கு என் சிங்களம் போதவில்லை, தமிழில் சொன்னேன். "வந்தவரு சின்ன வயசுங்க. நல்ல இங்கிலீஷ் பேசினாரு. தெருவே நின்னு பார்த்துச்சு. அவரு முன்னால ஒண்ணுமில்லாதவனா நிக்க மனசு வரல."

மொழிபெயர்ப்பாளர் மாற்றிச் சொன்னார். என்ன சொல்லை எதற்குப் போட்டாரோ. ஆபீசர் என்னை, என் கோட்டை, அதன் கையை எல்லாம் மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு குனிந்து நெடுநேரம் எழுதினார். எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். இங்கிலீஷில்தான் போடுவேன் வழக்கமாக. அன்று தமிழில் போட்டேன்.

திரும்பும்போது பஸ் நானுஓயா தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எத்தனை மாடி சொன்னீங்க அந்த ஆளுகிட்ட?"

"ரெண்டு."

"மூணாச் சொல்லியிருக்கலாம். எனக்கு மேல ஒரு ரூம்பு கெடைச்சிருக்கும்."

முன் சீட்டில் இருந்த வேலுவின் முதுகு குலுங்கியது. காமாட்சியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரத் தலவாக்கலை ஆயிற்று.

ஏழு மாதம் கழித்துப் பதிவாகிவிட்டது என்று கடிதம் வந்தது, எங்கள் மூவருக்கும். அது சிங்களத்தில் இருந்தது. பொடி மெனிக்காவின் மகன் படித்துச் சொன்னான். வேலுவுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் கடைத்தெருவில் எனக்கு மாடிவீட்டு டெய்லர் என்று பெயர் வைத்தவன் அவன்தான். அந்தப் பெயரைச் சொல்லித்தான் இப்போது ராகலையிலிருந்துகூட ஆட்கள் தைக்க வருகிறார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முன்னேறிய விதத்தைக் கேட்டீர்கள், இதுதான் விதம். கடைசியாக ஒரு காரியம். கோயிலுக்கு வடக்கே இருக்கிற அந்தச் சுவர்களை யாருக்குக் கல் வேண்டுமோ இடித்து எடுத்துக்கொள்ளட்டும். யாரிடமும் ஒன்றும் வாங்க வேண்டாம். எருக்கஞ்செடியையும் வெட்டிவிடுங்கள். வாசற்படிக் கல்லை மட்டும் தொட வேண்டாம். அது காமாட்சியின் அப்பா மாட்டுவண்டியில் ஏற்றிவந்து இறக்கியது. அதை என்ன செய்வது என்று அவள் இன்னும் சொல்லவில்லை.